கொடுமணத்து ஈமக்கல்லறைகளும் மெய்தூம் பிரமிடும்

முன்னுரை

மாந்தர் தாம் வாழ்வதற்கெனக் கட்டிய வீடுகள் மண்ணோடு மண்ணாய் மறைந்துபோக, இறந்தோர்க்கெனக் கட்டியவை பன்னூறு ஆண்டுகள் நிலைத்து நிற்றல் உலகின் பல பகுதிகளிலும் காணப்படுவதாகும். எகிப்து நாட்டின் பிரமிடுகள் இதற்குத் தலையாய சான்று. அவற்றைப் பற்றி நம் பள்ளி மாணவரும் அறிவர். ஆனால் நம் கொங்குநாட்டிலேயே, ஈரோடு மாவட்டத்துப் பெருந்துறை வட்டத்தில், நொய்யலாற்றின் வடகரையில் அமைந்த கொடுமணல் என்னும் சிற்றூரில், இறந்தோர்க்கெனப் பெருங்கற்களால் எழுப்பப்பட்ட கல்லறைகள் நூறு ஏக்கர்ப் பரப்பில் சிதறிக் கிடக்கின்றன என்பதை அவ்வட்டத்தில் வாழ்வாருள்ளும் பலர் அறியார்.

அக்கல்லறைகளுள் பெரும்பாலன இன்று முழுமையாக இல்லை. சிலவற்றின் மூடுகல் சரிந்துள்ளது. சிலவற்றின் கல்வட்டம் பிடுங்கப்பட்டுள்ளது. சில, உழுபடைக்கு இரையாகி மறைந்துவிட்டன. இவ்வாறு சிதைந்த நினைவுச்சின்னம் ஒன்று வரலாற்றுக்கு எத்துணைப் பயன்படும்? அதன் அமைப்பு எங்கிருந்து வந்தது? அதனுள் துயில்வோர் யாவர்? இம்மூன்று வினாக்களையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம். ஒப்புநோக்குதற்பொருட்டு, எகிப்திலும் பாதி இடிந்து கைவிடப்பட்ட நிலையில் நிற்கும் மெய்தூம் பிரமிடினை முதற்கண் எடுத்துக்கொள்வோம்.

1. மெய்தூம் பிரமிடின் சிதைவு

கெய்ரோ நகருக்குத் தெற்கே, நைல் ஆற்றின் மேற்குப் புறத்துப் பாலைவிளிம்பில் மெய்தூம் என்னும் இடம் உள்ளது. கி.மு. 2600 ஐ ஒட்டிய காலத்தில் அங்கே ஒரு பிரமிடு எழுந்தது. தொடக்கத்தில் அது படிப்படியாக உயர்ந்து செல்லும் ஏழடுக்குக் கட்டடமாக அமைக்கப்பட்டது. பின்னர் எட்டடுக்காக விரிக்கப்பட்டது. இறுதியில் படிகளை நிரப்பி, நான்கு புறமும் வழுவழுப்பான சரிவுடைய முழுப் பிரமிடாக மாற்றப்பட்டது. இன்று நாம் அங்குக் காண்பதோ பிரமிடின் வடிவன்று. பெரிய இடிபாட்டுக் குவியலின் நடுவே செங்குத்தாக எழும் சதுரக் கோபுரம் ஒன்றே எஞ்சி நிற்கின்றது. அப்பகுதி மக்கள் அதனைப் 'பொய்ப் பிரமிடு' எனப் பொருள்படும் அரபுப் பெயரால் வழங்கினர்.

இச்சிதைவின் காரணம் கட்டட அமைப்பிலேயே உள்ளது. உள்ளே இருந்த படிக்கட்டடத்தின் புறச்சுவர்கள் நன்கு இழைக்கப்பட்டவை. அவ்வழுவழுப்பான சுவரின்மேல் பின்னர்ச் சார்த்திய புறக்கற்கள் அதனோடு இறுகப் பிணையவில்லை. மேலும் உட்கட்டடம் பாறைமேல் நின்றது. புறக்கட்டடத்தின் அடியோ மணற்பாங்கான நிலத்தில் அமைந்தது. எனவே மேற்பாரம் மிகுந்தபொழுது புறப்பகுதி உட்பகுதியினின்றும் விலகிச் சரியலாயிற்று. கட்டிக்கொண்டிருக்கும்போதே அது ஒருசேர இடிந்து வீழ்ந்தது எனக் கர்ட் மெண்டல்சன் என்னும் இயற்பியலறிஞர் 1974 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அதனை மறுப்போர், பிற்காலத்தார் கல்லெடுத்தமையாலும் காலத்தின் தேய்வாலும் அது சிறிது சிறிதாகச் சரிந்தது என்பர். பிரமிடின் கீழ்ப்புறத்தில் உள்ள சிறு கோயில் இம்மறுப்பினர்க்குத் துணையாகின்றது. கட்டப்பட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டபின், எகிப்தின் பதினெட்டாம் அரசமரபின் காலத்தில் வந்த எழுத்தர் சிலர், சினெபெரு மன்னனின் அழகிய கோயிலைக் காண வந்ததாக அதன் சுவரில் எழுதிச் சென்றனர். பிரமிடு முன்னமே முற்றும் இடிந்திருப்பின் கோயில் இடிபாட்டுள் புதைந்திருக்குமன்றோ? அவர்கள் உள்ளே சென்று எழுதியிருத்தல் எங்ஙனம்?

ஈண்டு நாம் கருத்திற்கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்று உளது. 1891 இல் பிளிண்டர்ஸ் பெட்ரி அக்கோயிலை அகழ்ந்து வெளிப்படுத்தினார். அங்கு நின்ற இரு நெடுங்கற்களில் எழுத்து ஒன்றும் இல்லை. பெயர் பொறிக்க நிறுத்திய கற்கள் பெயரின்றியே நின்றுவிட்டன. அரசன் உடலும் பிரமிடினுள் கிடைக்கவில்லை. அக்கட்டடத்தை ஹூனி தொடங்கினானா, அவனுக்குப்பின் வந்த சினெபெருவே முழுவதும் கட்டினானா என்பதில் அறிஞர்க்குள் ஒருமைப்பாடு இல்லை. இலட்சக்கணக்கான டன் கல்லைக் குவித்து எழுப்பிய சின்னத்திற்குரியவன் பெயரை, வழிப்போக்கர் சிலர் கிறுக்கிய எழுத்தைக்கொண்டு உய்த்துணர வேண்டியுள்ளது. கல்லின் பெருமை பெயரைக் காவாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2. கொங்குநாட்டுக் கற்பதுக்கைகள்

இனி நம் நாட்டிற்கு வருவோம். தென்னிந்தியாவில் இரும்பைக் கையாண்ட பழங்குடியினர் இறந்தோர்க்கு எடுத்த கற்சின்னங்களைப் பெருங்கற்படைச் சின்னங்கள் என்று அறிஞர் வழங்குவர். கல்வட்டம், கற்குவை, கற்பதுக்கை, கற்றிட்டை, முதுமக்கள் தாழி என அவை பல வகைப்படும். கொங்குநாட்டில் இவற்றுள் கல்வட்டம் சூழ்ந்த கற்பதுக்கைகளே மிகுதி. மக்கள் அவற்றைப் பாண்டு குழி, பாண்டவர் வீடு என்றெல்லாம் கூறுவர். பாண்டவர் வனவாசத்தில் தங்கிய இடங்கள் அவை என்பதும், அளவிற் சிறிய மாந்தர் வாழ்ந்த வீடுகள் என்பதும் வழிவழி வந்த கதைகள். கல்லால் அமைந்த சிறு அறையும் அதன் ஒரு புறத்தே வட்டமான துளையும் காண்பார்க்கு அது வீடு போலத் தோன்றியதில் வியப்பில்லை. உண்மையில் அக்கதையுள் ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. இறந்தோர்க்கு அது வீடாகவே கட்டப்பட்டது.

சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த வால்ஹவுசு என்பார் கோயம்புத்தூர் மாவட்டத்துப் பெருங்கற்சின்னங்களைப் பற்றி 1875 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்காலத்தில் பெருந்துறைப் பகுதியும் அம்மாவட்டத்தின் கண்ணதே. 1946 இல் கே. ஆர். சீனிவாசன், இச்சின்னங்களைத் தமிழிலக்கியச் சான்றுகளோடு இயைத்து ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. அதுகாறும் பானையோடும் எலும்போடும் நின்ற ஆராய்ச்சி, அவரால் சங்கநூல்களின் பக்கம் திரும்பிற்று.

அந்நூல்களில் சான்றுகள் பலவாகக் கிடைக்கின்றன. ஆறலைகள்வர் அம்பினால் மாண்ட வழிச்செல்வோர் உடலைக் கற்குவியலால் மூடியதனைப் பாலைப் பாடல்கள் பதுக்கை என்று கூறும். கிள்ளிவளவன் இறந்தபோது ஐயூர் முடவனார், அத்துணைப் பெரியோனை அடக்குதற்கேற்ற தாழியை எங்ஙனம் வனைவாய் என்று குயவனை நோக்கி வினவுகின்றார். இது புறநானூற்று 228 ஆம் பாட்டின் பொருள். அந்நூலின் 256 ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடமுண்டாகத் தாழியை அகல வனையுமாறு குயவனை வேண்டுகின்றாள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல், வாளா இடுதல், குழியிற் புதைத்தல், தாழ்ந்த அறையில் அடைத்தல், தாழியாற் கவித்தல் என ஐவகை முறைகளைப் புகார்நகர்ச் சுடுகாட்டில் வைத்துக் காட்டுகின்றது. ஐந்து முறைகளும் ஓரிடத்தே ஒருகாலத்தே வழங்கின என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆதலின் ஈமச்சின்ன வகை ஒன்றைக்கொண்டே ஓர் இனத்தை வரையறுக்க முயலுதல் பொருந்தாது.

3. கொடுமணல் அகழாய்வு

கொடுமணல் என்னும் ஊரே பதிற்றுப்பத்துக் கூறும் கொடுமணம் என்பது அறிஞர் துணிபு. ஏழாம்பத்தில் கபிலரும் எட்டாம்பத்தில் அரிசில்கிழாரும் அதனைக் குறிப்பிடுகின்றனர். வேலைப்பாடு அமைந்த அரிய அணிகலன்கள் ஆண்டுக் கிடைத்தன என்பது அவர்கள் வாக்கால் விளங்கும். சேரர் தலைநகராகிய கருவூரினின்றும் பாலைக்காட்டுக் கணவாய் வழியே மேலைக்கடற்கரை முசிறிக்குச் செல்லும் பெருவழியில் அவ்வூர் அமைந்தது.

தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் 1990 வரை பல பருவங்களில் அங்கு அகழாய்வு நிகழ்த்திற்று. எ. சுப்பராயலு, கா. இராஜன் முதலியோர் அப்பணியில் ஈடுபட்டனர். பின்னர்த் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையும், 2012, 2013 ஆம் ஆண்டுகளில் இராஜன் தலைமையில் புதுவைப் பல்கலைக்கழகமும் அப்பணியைத் தொடர்ந்தன. 2020, 2021 ஆம் ஆண்டுகளில் தொல்லியல் துறை மீண்டும் அங்கு அகழ்ந்தது. மக்கள் வாழ்ந்த மேடு ஏறத்தாழ 50 ஏக்கரும், அதனை அடுத்த ஈமக்காடு ஏறத்தாழ 100 ஏக்கரும் பரந்துள்ளன. வாழ்ந்த இடத்தினும் மாண்டோர் இடம் இருமடங்கு என்பது கருதற்பாலது. ஊரும் ஈமக்காடும் அருகருகே ஒருங்கு கிடைப்பது இவ்விடத்தின் தனிச்சிறப்பு.

கல்லறையின் அமைப்பை இனிக் காண்போம். முதலில் குழி அகழ்ந்து அடியில் ஒரு கற்பலகை பரப்புவர். நாற்புறமும் நான்கு பலகைகளைச் செங்குத்தாக நிறுத்துவர். கொங்குநாட்டுப் பதுக்கைகள் பலவற்றில் இப்பலகைகள் வெறும் பெட்டிபோல் மூலையில் ஒட்டி நில்லா. ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைக் கடந்து புறத்தே நீண்டிருக்கும். மேலிருந்து நோக்கின் சுவத்திக வடிவம் தோன்றும். புறத்தே குவித்த மண்ணும் கல்லும் பலகைகளை உள்நோக்கித் தள்ளும்போது, ஒவ்வொன்றும் மற்றொன்றின்மேல் சாய்ந்து தாங்கிக்கொள்ளும். ஆகவே உட்புறம் வீழாது. சுண்ணமும் சாந்தும் இன்றி, கல்லின் பாரத்தையே கல்லுக்குக் காவலாக்கிய இம்முறை நம் முன்னோரின் கட்டடவறிவைக் காட்டும். மெய்தூமில் பாரமே பகையாயிற்று. இங்கோ பாரமே பிணைப்பாயிற்று.

ஒரு பலகையில் இடுதுளை ஒன்று அமைந்திருக்கும். மேலே பெரிய மூடுகல் வைத்து, அதன்மேல் கல்லும் மண்ணும் குவித்து, சுற்றிலும் உருண்டைக் கற்களை வட்டமாக நிறுத்துவர். கொடுமணலில் பெரிய கல்லறைகள் சில, நடுவே குறுக்குப் பலகையால் இரண்டாகப் பகுக்கப்பட்டு, முன்னே நடைவழியும் அருகே துணைப் பதுக்கைகளும் கொண்டு விளங்குகின்றன. எலும்புகளைப் பின்னரும் உள்ளே இடுதற்கு இடுதுளை பயன்பட்டிருக்கலாம் என்பர். அவ்வாறாயின் ஒரு கல்லறை ஒருவர்க்கே உரியதன்று. ஒரு குடிக்கு உரியது எனக் கொள்ளுதல் பொருந்தும்.

உள்ளே கிடைத்த பொருள்கள் பல: கறுப்புச் சிவப்பு மட்கலங்கள், நாற்கால் சாடிகள், இரும்பு வாள், ஈட்டி, அம்புமுனைகள், மணிகள். ஒரு கல்லறையில் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. மணிக்கற்கள் பதித்த புலி உருவம் ஒன்றும் கிடைத்துள்ளது. சூதுபவளத்தின் மூலக்கல் கூர்ச்சரப் பகுதியிலிருந்து வந்ததாகக் கருதப்படுகின்றது. ஊர்மேட்டிலோ மணி அறுத்துத் துளையிட்ட தொழிற்கூடத்தின் எச்சங்களும், இரும்பு உருக்கிய உலைகளும், உருக்கு வடித்த மூசைகளும் வெளிப்பட்டன. அண்மையிலுள்ள படியூரில் பச்சைக்கல்லும் சிவன்மலைப் பகுதியில் நீலக்கல்லும் கிடைப்பனவாதலின், இத்தொழில் இவ்விடத்தே வேரூன்றியது இயல்பேயாம்.

4. எகிப்திலிருந்து வந்த வழக்கமா?

உலகின் பெருங்கற்சின்னங்கள் யாவும் எகிப்தினின்றே பரவின என்னும் கொள்கை ஒருகாலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. கிராப்டன் எலியட் சுமித்து 1915 இல் வெளியிட்ட நூலிலும், அவர் கருத்தைப் பின்பற்றிய பெர்ரி 1923 இல் வெளியிட்ட நூலிலும் இதனை விரித்துரைத்தனர். கதிரவனை வழிபட்ட எகிப்தியர் பொன்னும் முத்தும் தேடிக் கடல்வழிச் சென்ற இடமெல்லாம் தம் வழக்கத்தை விதைத்தனர் என்பது அவர் கூற்று. முத்தும் மணியும் விளைந்த தமிழகத்திற்கு இக்கொள்கை பொருத்தமாகத் தோன்றலாம். எனினும் இதனை நாம் ஏற்றற்கில்லை. காரணம் மூன்று.

முதலாவது, காலம். மெய்தூம் கி.மு. 2600 ஐ ஒட்டியது. கொடுமணலில் 2012, 2013 அகழாய்வுகளில் எடுத்த கரித்துண்டுகள் கி.மு. 400 ஐ ஒட்டிய காலந்தொடங்கிக் கி.மு. 200 வரையிலான காலத்தைக் காட்டின. பழனிக்கு அருகிலுள்ள பொருந்தலில் ஒரு கல்லறைச் சாடியில் கிடைத்த நெல், கி.மு. 490 எனக் கணிக்கப்பட்டது. இடைவெளி ஈராயிரம் ஆண்டு. பிரமிடு கட்டும் வழக்கம் எகிப்திய மன்னர்களிடமே கைவிடப்பட்டுப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின்னரே நம் கல்லறைகள் எழுந்தன.

இரண்டாவது, அமைப்பு. பிரமிடு நிலத்தின்மேல் விண்ணோக்கி எழுவது. பதுக்கை நிலத்தினுள் தாழ்வது. முன்னது வாயிலை மறைத்து, எவரும் மீண்டும் புகாதவாறு அடைப்பது. பின்னது இடுதுளை வைத்து, மீண்டும் வருவார்க்கு வழி விடுவது. உடலைக் கெடாது காத்தல் எகிப்தியர் நோக்கம். உடல் அழிந்தபின் எலும்பைத் தொகுத்து வைத்தல் இங்குப் பலவிடத்தும் காணும் வழக்கம். நோக்கம் வேறாயவழி வடிவம் சிறிது ஒத்தாலும் உறவு கூறலாகாது.

மூன்றாவது, உடைமை. பிரமிடு ஒரு மன்னனுக்கென எழுப்பப்பட்டது. கொடுமணலிலோ பெரியதும் சிறியதுமாகக் கல்லறைகள் நெருங்கியுள்ளன. அவை குடிகளுக்கு உரியன. செல்வ வேற்றுமை அவற்றுள் உண்டு; ஆயினும் ஒருவனுக்காக ஒரு நாடே கல்சுமந்த அடையாளம் அங்கில்லை.

இவ்வாறு கூறுவதனால் தமிழகத்திற்கும் எகிப்திற்கும் தொடர்பே இல்லையென யாம் கூறியதாகக் கொள்ளற்க. தொடர்பு உண்டு, அது கல்லறையால் வந்ததன்று, வாணிகத்தால் வந்தது. செங்கடற்கரையில் உள்ள குசேர் அல்-காதிம் என்னும் பழந்துறையில் கண்ணன், சாத்தன் என்னும் பெயர்கள் பொறித்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய பானையோடுகள் கிடைத்தன. பெரெனிகே என்னும் துறையிலும் தமிழ்ப் பெயர் பொறித்த ஓடு 1995 இல் கிடைத்தது. இவை உரோமர் ஆட்சிக்காலத்தன. கொங்குநாட்டில் வெள்ளலூர் முதலிய இடங்களில் உரோமக் காசுகள் குவியலாகக் கிடைத்தமையும் ஈண்டு இணைத்து எண்ணத்தக்கது. எகிப்தியன் இங்கு வந்து கல்லறை கட்டக் கற்பித்தான் என்பதற்குச் சான்றில்லை. தமிழன் எகிப்துக்குச் சென்று தன் பானையில் பெயர் எழுதிவைத்தான் என்பதற்குச் சான்று உண்டு.

5. பெயரும் கல்லும்

இவ்விடத்தே முன்னர் எழுப்பிய மூன்றாம் வினாவிற்கு வருகிறோம். கொடுமணல் ஈமக்கல்லறைகளில் கற்களின்மேல் பெயரில்லை. மெய்தூமின் நெடுங்கற்களைப் போலவே அவையும் வாய்பேசா. ஆனால் அவற்றை அடுத்த ஊர்மேட்டில் எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஐந்நூற்றுக்கு மேல் கிடைத்துள்ளன. ஆதன், அந்துவன், பண்ணன், குவிரன், சாத்தந்தை, சம்பன், சுமணன் என்றாங்கு வரும் பெயர்களுள் சில சங்கநூல்களில் நாம் பயின்றனவே. சில வடபுலத் தொடர்பைக் காட்டுவன. வணிகர் குழுவைக் குறிக்கும் நிகமம் என்னும் சொல்லும் உண்டு. இவ்வெழுத்துகளின் காலத்தை அசோகனுக்கு முன்னே கொண்டுசெல்வாரும், ஐராவதம் மகாதேவன் போன்று அவனுக்குப் பின்னரே வைப்பாரும் உளர். அப்பூசல் எங்ஙனம் தீரினும் ஓருண்மை மாறாது. பெயர் எழுதியோர் மன்னர் அல்லர். பானை வாங்கி, அது தமதென்று கீறிக்கொண்ட கைவினைஞரும் வணிகரும் ஆவர். கல்லறைக் கலங்களிலும் குறியீடுகள் கீறப்பட்டுள்ளன. பொருந்தலில் கல்லறைக்குள்ளேயே எழுத்துப் பொறித்த பிரிமனை கிடைத்தது. ஆதலின் எழுத்தறிந்த அம்மக்களும் அவர்தம் முன்னோரும் வழித்தோன்றலுமே அவ்வீமக்காட்டில் உறங்குகின்றனர் எனக் கொள்வதில் தடையில்லை.

எனவே மெய்தூமின் மன்னனை நாம் வழிப்போக்கர் எழுத்தால் அறிகிறோம். கொடுமணத்து மாந்தரை அவர் கையெழுத்தாலேயே அறிகிறோம். ஆனால் இவ்வறிவு ஈமக்காட்டை மட்டும் அகழ்வதால் வந்ததன்று. ஊர்மேட்டை மட்டும் அகழ்வதாலும் வந்ததன்று. இரண்டையும் இணைத்து நோக்கியதால் விளைந்தது. ஒன்று அழியின் மற்றொன்று ஊமையாகும்.

முடிவுரை

மெய்தூம் சரிந்தும் மறையவில்லை. அதன் பருமையே அதற்குக் காவல். நம் கல்லறைகட்கு அக்காவல் இல்லை. நிலம் திருத்துவோர்க்கு ஒரு கல்வட்டம் ஏருக்குத் தடை. வேலி கட்டுவோர்க்கு அது கையருகே உள்ள கல். புதையல் விழைவோர்க்கு அது தோண்ட வேண்டிய குழி. கல் உடைப்போர் மூடுகல்லைப் பிளந்து செல்வர். ஒரு மணியைக் கையில் எடுத்தோன் மணியைப் பெறுகின்றான். அது எந்த எலும்பின் அருகே, எந்தக் கலத்தினுள், எத்திசை நோக்கிக் கிடந்தது என்னும் வரலாற்றை இழக்கின்றான். அவன் இழப்பு நாட்டின் இழப்பாம்.

தொல்பொருட் சின்னங்களைக் காக்க 1958 இல் நடுவணரசும் 1966 இல் தமிழ்நாட்டரசும் சட்டம் இயற்றியுள்ளன. சட்டம் பெயர் குறித்த இடத்தையே காக்கும். பெயர் குறியாத கற்குவைகளைக் காக்க ஊர்மக்களே வேண்டும். பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம், தாராபுரம் ஆகிய பகுதிகளில் ஊர்தோறும் உள்ள கல்வட்டங்களை எண்ணி, அளந்து, வரைபடத்திற் குறித்தல் முதற்பணி. இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டா. தம் ஊர் வழக்குகளை அறிந்த மாணவர் போதும். பாண்டு குழி என்று முதியோர் சுட்டும் இடங்களைக் கேட்டுக் குறித்தலே ஆராய்ச்சியின் தொடக்கமாகும். ஏனெனில் அப்பெயர் வழங்கும் இடத்தில் கல் மறைந்திருப்பினும் மண்ணுள் பதுக்கை இருத்தல் கூடும்.

பிரமிடைக் காண உலகம் எகிப்திற்குச் செல்கின்றது. கொடுமணத்தைக் காணப் பெருந்துறையார்க்கு அரை நாள் போதும். அங்குச் சாய்ந்து கிடக்கும் மூடுகல்லின் அடியில் இருப்பவர் மன்னர் அல்லர்; மணி அறுத்தோரும் இரும்பு உருக்கியோரும் வழிநடந்து வாணிகம் செய்தோருமாகிய நம் முன்னோர். அவர்தம் வீட்டைக் காத்தல் நம் கடன் என்று கூறி, இவ்வாராய்ச்சியை நிறைவு செய்கிறோம்.